காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம்: போட் மெயில் போன தடத்தில் ஒரு பகல் ரயில் பயணம்

செட்டிநாட்டிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்களில் பாதிப் பேர் இப்போது காரில்தான் போகிறார்கள். விடியற்காலையில் கிளம்பி, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்து, பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டி நாலு படம் எடுத்துக்கொண்டு, கோயிலுக்குப் போய்விட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் அந்தச் சாலைப் பாலம் திறந்தது 1988-ல்தான். அதற்கு முன்னால் எழுபத்து நாலு வருஷம், படகு வேண்டாம் என்றால் அந்தத் தீவுக்கு ரயில் ஒன்றுதான் வழி. அந்த ரயிலில், அதுவும் பகலில், ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். எப்படிப் போவது, எங்கே இறங்குவது, எதை எப்போது பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகை கக்கும் நீராவி இன்ஜின் இந்தத் தடத்தில் இப்போது கிடையாது. கரி இன்ஜின், அப்புறம் டீசல், மீட்டர் கேஜ் போய் அகல ரயில்பாதை என்று எல்லாம் மாறிவிட்டது. நீராவி இன்ஜின் இழுக்கும் வண்டியில்தான் போயாக வேண்டும் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயிலுக்குப் போங்கள். அதற்கான இன்ஜின்களில் சில நமக்குப் பக்கத்தில் திருச்சி பொன்மலை பணிமனையில் புதிதாகச் செய்தவை. ஆனால் அது மலை. கடலுக்கு மேலே ரயிலில் போக வேண்டும் என்றால் பாம்பன்தான், வேறு வழியில்லை.

எந்தத் தடம் இது

1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதுவரை கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். பாலம் வந்ததும் வழி மாறியது. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கே துறையில் காத்திருக்கும் நீராவிக் கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக் கோட்டை. ரயிலும் கப்பலும் சேர்ந்த இந்தப் பயணத்துக்குத்தான் போட் மெயில் என்று பெயர் வந்தது. கப்பல் நின்று பல காலம் ஆன பிறகும், சென்னையிலிருந்து மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக ராமேஸ்வரம் போகும் இரவு வண்டியை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள்.

புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குத் தண்டவாளம் போட்டது அதற்குப் பிறகுதான். இலங்கையில் கடை வைத்திருந்த செட்டியார்களுக்கு அந்த லைன் பெரிய வசதி. கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போகிறவர்கள், பெட்டி படுக்கையோடு வீட்டு வாசலில் மாட்டு வண்டி ஏறி, ஸ்டேஷனில் இறங்கி, மறுநாள் கொழும்பில் கால் வைக்கலாம். பினாங்கு, பர்மா போகிறவர்களுக்கு வேறு துறை, வேறு கப்பல். கண்டிக்கும் கொழும்புக்கும் இதுதான் வழி. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் தேக்கும் கண்ணாடியும் வந்த கதையில் இந்தத் தண்டவாளத்துக்கும் பங்கு உண்டு.

எந்த வண்டி, எந்த நேரம்

இந்தப் பயணத்தைக் கெடுப்பது வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் வரும் பிழைதான். சென்னையிலிருந்து வரும் போட் மெயிலும் சேது எக்ஸ்பிரஸும் காரைக்குடிக்கு நடு ராத்திரியிலோ விடிகாலையிலோ வரும். சேதுவில் போனால் பாலம் தாண்டுவது இருட்டில். கடலுக்கு மேலே போகிறோம் என்பதே தெரியாமல் தூங்கிப்போய் ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். போட் மெயிலில் போனால் விடிந்த பிறகு பாலம் வரும். ஆனால் காரைக்குடியில் அரைத் தூக்கத்தில் ஏற வேண்டும், சிவகங்கைச் சீமை முழுவதும் இருட்டிலேயே கழிந்துவிடும்.

நம்மவர்களுக்குத் தோதானது திருச்சியிலிருந்து காலையில் கிளம்பும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ், எண் 16849. காரைக்குடிக்கு ஒன்பது மணியை ஒட்டி வரும், மதியம் ராமேஸ்வரம் சேரும். ஏறத்தாழ 175 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் போல. பெயரில்தான் எக்ஸ்பிரஸ், நடப்பதென்னவோ பாசஞ்சர் நடைதான். நமக்கு வேண்டியதும் அதுதான். இதே வண்டி 16850 என்ற எண்ணில் பிற்பகலில் ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும். நேரம் அவ்வப்போது மாறும். கிளம்புவதற்கு முதல் நாள் ரயில்வே செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

2025 ஏப்ரலில் புதுப் பாலத்தோடு சேர்த்து ராமேஸ்வரம்–தாம்பரம் வண்டி ஒன்றையும் விட்டார்கள். திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி வரும். சென்னையிலிருந்து வரும் உறவினர்களுக்கு அதையும் சொல்லி வைக்கலாம்.

எங்கே ஏறுவது? காரைக்குடி ஜங்ஷன்தான் நல்லது. கானாடுகாத்தான் பக்கத்தில் செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் உண்டு, கோட்டையூரிலும் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது. தேவகோட்டைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்: தேவகோட்டை ரஸ்தா என்பது தேவகோட்டை இல்லை. ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே பல கிலோமீட்டர். வெளியூர் விருந்தினரிடம் “தேவகோட்டையில் இறங்குங்கள்” என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு அப்புறம் அவர்களைத் தேடி அலையாதீர்கள்.

எந்த மாதம்

ஜனவரி முதல் மார்ச் வரை. மழை ஓய்ந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், கடலும் அடங்கியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் புயல் எச்சரிக்கை வந்து, பாலத்துக்கு இந்தப் பக்கக் கரையிலிருக்கும் மண்டபம் ஊரோடு வண்டியை நிறுத்திவிடக்கூடும். பாம்பன் வாய் எப்போதும் காற்றுக்குப் பேர்போனது. காற்றின் வேகத்தை அளக்கப் பாலத்தில் கருவி உண்டு. பழைய பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி வண்டி கரையிலேயே நிற்கும். சித்திரை, வைகாசியில் வண்டியின் இரும்பு கொதிக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் தவிர்க்கலாம்.

தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை ஆகிய மூன்று நாட்களிலும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்கள் போகட்டும். பயணத்துக்காகப் போகிறவர்கள் அந்த நாட்களின் பக்கமே தலைவைக்க வேண்டாம். அக்னி தீர்த்தக் கரையில் காலூன்ற இடமிருக்காது.

சீட்டு, இருக்கை, கட்டுச்சோறு

பகல் வண்டியில் முன்பதிவில்லாத பெட்டிகளே அதிகம். கவுண்டரிலோ செயலியிலோ சீட்டு எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் முன்னால் நடைமேடைக்குப் போனால் போதும். சனி, ஞாயிறு என்றால் இன்னும் கொஞ்சம் முன்னால். குளிர்சாதனப் பெட்டி இருக்கும் வண்டியில் போனாலும் அந்தப் பெட்டியில் ஏறாதீர்கள். மஞ்சளாய் அழுக்குப் படிந்த கண்ணாடிக்குள்ளிருந்து கடலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? ஜன்னல் கம்பி வழியாக உப்புக் காற்று முகத்தில் அடிக்க வேண்டும்.

எந்தப் பக்கம் உட்காருவது என்று பலரும் கேட்பார்கள். அலட்டிக்கொள்ள வேண்டாம். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்தான். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் என்று வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டையும் வராது. வாசலில் நின்று படம் எடுக்கும் ஆசை மட்டும் வேண்டாம். பாலத்தில் குறுக்கே வீசும் காற்று ஆளைத் தள்ளும், கைப்பேசியை முதலில் தள்ளும்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். இந்த வண்டியில் சாப்பாட்டுப் பெட்டி கிடையாது, ஸ்டேஷனில் கிடைப்பதை நம்பினால் தேநீரும் வடையும்தான். புளியோதரை, உருளைக்கிழங்குப் பொடிமாஸ், தயிர்சாதம், மோர்மிளகாய் என்று கட்டிக்கொண்டால் பரமக்குடி தாண்டும்போது பிரிக்கலாம். காலைப் பலகாரத்துக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. வெள்ளைப் பணியாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு சாப்பிட வேண்டியதை ரயிலில் ஆறவைத்துச் சாப்பிடுவது அதற்குச் செய்யும் அநியாயம். கொறிக்க மணகோலமும் சீப்புச்சீடையும் ஒரு ஓலைக் கொட்டானில் போட்டுக்கொள்ளுங்கள். கொட்டான் காலியானதும் திரும்பும்போது அதில் கருப்பட்டி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். தை மாதம் என்றால் ராமநாதபுரம் பக்கத்தில் அவித்த பனங்கிழங்கு கிடைக்கும், விடாதீர்கள். தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி முதல் ராமநாதபுரம் வரை

வண்டி கிளம்பியதும் கொஞ்ச நேரம் நம் மண்தான். செம்மண் பொட்டல், செம்பாறாங்கல் வெட்டிய பள்ளங்கள், ஊரணிக் கரைகள். ரஸ்தா, கல்லல், அப்புறம் சிவகங்கை. வேலுநாச்சியாரும் மருதிருவரும் ஆண்ட சீமை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல இடம்.

மானாமதுரையில் மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வரும் பாதைகள் சேர்கின்றன. கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். மானாமதுரை மண்ணில்தான் நல்ல கடம் செய்ய முடியும் என்று சங்கீத வித்வான்கள் தேடி வருவார்கள். இந்த ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இறங்கிக் கடம் வாங்கும் அளவுக்கு நேரம் இருக்காது, தேநீருக்கு மட்டும்தான்.

மானாமதுரைக்கு அப்பால் வைகை கூடவே வரும். பெரும்பாலான மாதங்களில் மணல்தான் வைகை. பரமக்குடி நெசவாளர் ஊர். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே மிளகாய்த் தோட்டம். ராமநாதபுரம் குண்டு மிளகாய் இந்த மண்ணின் பயிர். கண்ணுக்கு விருந்தெல்லாம் இல்லை, சரியான வறண்ட காடு. இங்கே ஒரு தூக்கம் போடுவதானால் போடுங்கள். ராமநாதபுரத்தில் விழித்துவிட வேண்டும்.

ராமநாதபுரம் சேதுபதிகளின் தலைநகரம். ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்களுக்குக் காவல் என்பதே அவர்கள் பட்டத்தின் பொருள். இராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு நாள் வரலாம். வைகை கடலைத் தொடாமல் இந்த ஊர்ப் பெரிய கண்மாயில் போய் நிற்கிறது. இதற்குப் பிறகு மண் நிறம் மாறும். செம்மண் போய் வெளிறிய மணல், கருவேலம் குறைந்து பனையும் தென்னையும். உச்சிப்புளி தாண்டினால் காற்றில் மீன் வாடை. பையை எடுத்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு வாருங்கள்.

மண்டபம்

வண்டி மண்டபம் முகாம் ஸ்டேஷனைக் கடக்கும்போது பெரும்பாலானோர் பாலம் எங்கே என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் இந்தப் பக்கமும் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போன தமிழர்களை நோய்ப் பரிசோதனைக்காகத் தங்கவைத்து அனுப்பிய முகாம் இங்கேதான் இருந்தது. பிற்காலத்தில் அதே மண்டபத்தில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களைத் தங்கவைத்தார்கள். இதே தண்டவாளத்தில்தான் செட்டியாரும் போனார், கூலியாளும் போனார். ஒருவர் கணக்குப் புத்தகத்தோடு, இன்னொருவர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கையில் வாங்கிய கடனோடு. போட் மெயில் பெருமை பேசும்போது நாம் வழக்கமாக முதல் ஆளை மட்டும்தான் நினைத்துக்கொள்கிறோம்.

பாலம்

மண்டபம் ஸ்டேஷன் தாண்டியதும் வண்டி வேகம் குறையும். திடீரென்று இரண்டு பக்கமும் நிலம் காணாமல் போகும். கீழே தண்ணீர் அவ்வளவு பக்கத்தில் ஓடும். சாலைப் பாலம் உயரத்தில் போகிறது, அதிலிருந்து பார்ப்பது வேடிக்கை. ரயில் பாலம் கடலை ஒட்டியே போகிறது. அந்த வித்தியாசம் ஒன்றுக்காகவே ரயிலில் வரலாம்.

இப்போது நீங்கள் போவது 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கண்கள் (இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள பகுதி), நடுவே கப்பல் போவதற்கென்று 72.5 மீட்டரில் ஒரு பெரிய கண். அந்த நடுப் பகுதி மட்டும் லிஃப்ட் போல அப்படியே கிடையாக 17 மீட்டர் மேலே ஏறும். இரண்டு பக்கமும் நிற்கும் கோபுரங்கள் அதற்குத்தான். ரயில் அந்தக் கோபுரங்களுக்கு நடுவே புகுந்து போவது சில நொடிகள்தான். படம் எடுக்க வேண்டும் என்றால் முன்னாலேயே தயாராக இருங்கள்.

பக்கத்தில் நிற்பது, அல்லது நின்றது, 1914-ன் பழைய பாலம். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. அகற்றவும் முடிவாகிவிட்டது. நீங்கள் போகும்போது எவ்வளவு மிச்சமிருக்கிறதோ பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது அடிக் கண்கள் 145, நடுவில் இரண்டு இறக்கையாகப் பிரிந்து மேலே தூக்கும் ஷெர்சர் பகுதி. ரயில் ஓடிய காலத்தில் கப்பல் வந்தால் ரயில்வே ஆட்கள் இரண்டு கரைப் பக்கமும் நின்று நெம்புகோல் சுற்றிக் கையாலேயே அதைத் திறப்பார்கள். மின்சாரம் எதுவும் கிடையாது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் இந்தப் பாலத்தின் 145 கண்களில் 126-ஐக் கடல் கொண்டுபோனது. நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள், பிறகு அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் கடலுக்குள் விழுந்த இரும்பு உத்தரங்களையே தேடி எடுத்து மறுபடி ஏற்றி, 46 நாளில் பாலத்தை நிறுத்திக் காட்டினார். பின்னாளில் கொங்கன் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர் அவர்தான்.

பாலம் முடிந்து தீவுக்குள் வந்ததும் பாம்பன் ஸ்டேஷன். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் இந்தியக் கரையில் கால் வைத்தது பாம்பனில்தான். பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். குந்துகால் கடற்கரையில் நினைவிடம் இருக்கிறது. நேரம் இருந்தால் மறுநாள் ஆட்டோவில் போய்வாருங்கள், கூட்டம் இல்லாத நல்ல கரை.

ராமேஸ்வரத்தில் முதல் நாள்

மதியம் இறங்குகிறீர்கள். நேராகக் கோயிலுக்குக் கிளம்பாதீர்கள். மதியம் ஒரு மணியை ஒட்டி நடை சாத்திவிட்டு மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். வெயிலில் மணலும் கல்லும் கால் சுடும். அறை எடுத்து, சாப்பிட்டு, சற்று ஓய்ந்துவிட்டுத் தனுஷ்கோடிக்குப் போவதுதான் முதல் நாள் வேலை.

தங்குவதற்கு நம்மவர்களுக்கு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், சத்திரம் உண்டு. இந்தக் கோயில் திருப்பணியில் தேவகோட்டை நகரத்தாரின் கை பெரியது, சத்திரமும் அந்த வழியில் வந்ததுதான். காசி யாத்திரை போகிறவர்கள் முதலில் இங்கே வந்து கடல் மணல் எடுத்துக்கொண்டு போய்க் கங்கையில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது முறை. அதனாலேயே அந்தக் கோடியிலும் நகரத்தார் சத்திரம், இந்தக் கோடியிலும் நகரத்தார் சத்திரம். முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். மற்றவர்களுக்குத் தேவஸ்தான விடுதியும் கடலோரத்தில் தமிழ்நாடு ஓட்டலும் இருக்கின்றன. தனியார் விடுதிகளில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கடல் தெரியும் அறை என்று சொல்வதில் பல அறைகளுக்குக் கழுத்தை எக்கினால்தான் கடல் தெரியும்.

தனுஷ்கோடி

ரயில் இப்போது ராமேஸ்வரத்தோடு முடிகிறது. போட் மெயில் அப்படி முடியவில்லை. இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் போல மணல் நாக்கில் ஓடித் தனுஷ்கோடித் துறையில் கப்பலுக்குப் பக்கத்திலேயே போய் நின்றது. அங்கே ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ், தேவாலயம், பள்ளிக்கூடம், கடைகள் எல்லாம் இருந்தன. அதனால் ராமேஸ்வரத்தோடு திரும்பினால் இந்தப் பயணம் பாதிதான்.

பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்குக் கிளம்புங்கள். அரசுப் பேருந்து போகிறது, மலிவு. ஆட்டோ, வேன் என்றால் போய்வருவதற்கும் காத்திருப்பதற்கும் சேர்த்து முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். 2017-ல் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்கள். அதற்கு முன்னால் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணனுக்கு ராமர் பட்டம் கட்டிய இடம் என்று சொல்வார்கள். 1964 புயலுக்குத் தப்பிய கட்டடம்.

புயல் இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் வண்டி கிளம்பியது, எண் 653. தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் எழும்பிய அலை வண்டியை அப்படியே மூடிவிட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. ஊரும் போனது. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்த பிறகு அந்த லைனை மறுபடி போடவில்லை. கப்பலை ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓட்டினார்கள். இலங்கையில் போர் மூண்ட பிறகு 1980களில் அதுவும் நின்றது.

இடிபாடுகளுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். எல்லாரும் தேவாலயச் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ரயில் ஸ்டேஷன் சுவர்களையும் தண்ணீர்த் தொட்டியின் மிச்சத்தையும் தேடிப் பாருங்கள். நீராவிக் காலத்தைத் தொட்டுப் பார்க்க இந்தத் தடம் முழுவதிலும் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். சுவர்கள் பவளப் பாறைக் கல்லில் கட்டியவை. ஏறவோ கல்லைப் பெயர்க்கவோ வேண்டாம். சுற்றிலும் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் போட்டிருக்கும் கடைகளில் பொரித்த மீன் கிடைக்கும். தேநீர் குடிக்கும் சாக்கில் பேச்சுக் கொடுத்தால் வழிகாட்டிகள் சொல்லாததைச் சொல்வார்கள்.

அரிச்சல்முனையில் சாலை முடிந்து ஒரு பக்கம் அலையில்லாத கடல், மறுபக்கம் ஆர்ப்பரிக்கும் கடல். தலைமன்னார் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவுதான். இறங்கிக் குளிக்காதீர்கள், இரண்டு நீரோட்டமும் மோதும் இடம், கரைக்குப் பக்கத்திலேயே இழுக்கும். இருட்டுவதற்கு முன்னால் காவல்துறை எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடும். அஸ்தமனம் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடித்துப் பலனில்லை.

மறுநாள் காலை: கோயில்

நாலரை மணிக்கு எழுந்துவிடுங்கள். விடிகாலையில் ஸ்படிக லிங்க தரிசனம் உண்டு, அதற்குத் தனிச் சீட்டு. தீர்த்தமாட நினைப்பவர்கள் முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டு, ஈர உடையோடு உள்ளே போய் 22 தீர்த்தக் கிணறுகளுக்கு வரிசையாகப் போக வேண்டும். கிணற்றின் மேல் நிற்பவர்கள் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கட்டணம் கவுண்டரில் மட்டும். “தனியாகக் கூட்டிப்போகிறேன்” என்று வாசலில் வருகிறவர்களுக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லி நடந்துகொண்டே இருங்கள்.

ஈரத் துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். அதனால் மாற்றுடையை ஒரு துணிப் பையில் கொண்டுபோங்கள். பையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தீர்த்தமாடாத ஒருவர் வேண்டும். கைப்பேசியை அறையிலேயே வைத்துவிடுவது நல்லது. கற்தரை முழுவதும் தண்ணீர் வழிந்து வழுக்கும், வயதானவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ள ஆச்சிகள் 22-க்கும் நடக்க வேண்டியதில்லை. கடலில் முழுகிவிட்டு தரிசனம் செய்தால் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது.

தரிசனம் முடிந்ததும் மூன்றாம் பிரகாரத்தை ஒருமுறை சும்மா நடந்து வாருங்கள். 1212 தூண்கள். ஏழு, ஏழரை மணிக்குக் கூட்டம் சன்னதிப் பக்கம் போய்விடும், பிரகாரத்தின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை வரை தூண் வரிசை தடையில்லாமல் தெரியும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வீடு. இதற்கும் நம் ரயிலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் வண்டி நிற்பதை நிறுத்திவிட்டார்கள். தனுஷ்கோடி போகும் வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை ஓட்டத்திலேயே வீசுவார்கள். அதைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்ததுதான் சிறுவன் கலாமின் முதல் சம்பாத்தியம். ஊருக்கு வெளியே பேக்கரும்பில் அவர் நினைவிடம், போகிற வழியில் பார்க்கலாம்.

திரும்புவது

பிற்பகல் 16850-ஐப் பிடித்தால் மாலைக்குள் காரைக்குடி. வெயில் சாய்ந்த நேரத்தில் பாலத்தைத் தாண்டுவீர்கள், போகும்போது பார்க்காத பக்கத்து ஜன்னலைப் பிடியுங்கள். இந்த ஸ்டேஷனிலிருந்தே வண்டி கிளம்புவதால் முன்னால் போனால் இடம் நிச்சயம். தவறவிட்டால் பயமில்லை. மாலையிலும் இரவிலும் சென்னைக்குக் கிளம்பும் போட் மெயிலும் சேதுவும் காரைக்குடி வழியாகத்தான் போகின்றன. ஆனால் முன்பதிவு இல்லாமல் அதில் ஏறினால் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும்.

வாங்கி வருவதற்குக் கருப்பட்டி, கருவாடு, பனையோலைப் பொருள்கள். கருவாட்டை இரண்டு மூன்று உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள், பெட்டியில் மற்றவர்களும் வருகிறார்கள். சங்கு வாங்கினால் கடையில் ரசீது கேளுங்கள். பவளத் துண்டு, மிதக்கும் கல் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காப் பகுதி இது, பவளத்தை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வாங்கியவரிடமும் சோதனையில் கேள்வி வரும்.